படுத்து ஒரு முறை, நின்று இரண்டு முறை: எழுந்தால் தலைசுற்றுகிறது என்பவருக்கு வீட்டில் பிரஷர் பார்க்கும் முறை

நாற்காலியில் உட்கார வைத்து ஒரு முறை பிரஷர் பார்க்கிறோம். 130/80 வந்தால் "நார்மல்தான்" என்று மெஷினை மூடி வைத்துவிடுகிறோம். படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருட்டுகிறது, கால் தள்ளாடுகிறது என்று சொல்பவருக்கு அந்த ஒரு அளவால் எந்தப் பயனும் இல்லை. நிலை மாறும்போது உடல் ரத்த அழுத்தத்தை விழாமல் பிடிக்கிறதா என்பதுதான் அவரிடம் பார்க்க வேண்டியது. அதற்குப் படுத்த நிலையில் ஒரு முறையும் நின்ற நிலையில் இரண்டு முறையும் அளக்க வேண்டும்.

கைப்பட்டை மெஷின் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். செவிலியர் பயிற்சிக்கு வருபவர்களும் சரி, வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் சரி, தடுமாறுவது பெரும்பாலும் அதே நாலைந்து இடங்களில்தான். அந்த இடங்களில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1. எழுந்து நிற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது

இதைப் படிக்காமல் நேரே மெஷினுக்குப் போகாதீர்கள். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும், மார்புப் பகுதியில் இருந்த ரத்தத்தில் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. அதனால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் ரத்தமும் குறைகிறது. தமனிகளில் அழுத்தம் சரியத் தொடங்குகிறது.

இதை முதலில் உணர்வது கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகள். ரத்தக் குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. விரிவு குறைந்தால், மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்துக்கு அவை அனுப்பும் சமிக்ஞையும் குறைகிறது. கழுத்திலிருந்து போகும் செய்தி ஒன்பதாவது மூளை நரம்பு வழியாகவும், பெருந்தமனி வளைவிலிருந்து போகும் செய்தி பத்தாவது மூளை நரம்பான வேகஸ் வழியாகவும் செல்கிறது.

முகுளம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இதயத்தை மெதுவாக்கி வைத்திருக்கும் வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்துகிறது. நாடி ஒன்றிரண்டு துடிப்புகளிலேயே வேகம் பிடிக்கிறது. அடுத்து, பரிவு நரம்புகளை (இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் முடுக்கிவிடும் தானியங்கி நரம்புகள்) முடுக்கி ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இதற்குச் சில நொடிகள் கூடுதலாகத் தேவை. ஆரோக்கியமானவருக்கும் எழுந்த முதல் 10 நொடியில் அழுத்தம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அரை நிமிடத்துக்குள் அது திரும்ப ஏறிவிடும்.

இது நரம்பின் வேலை. ஹார்மோன் வழி இதைவிட மெதுவானது. சிறுநீரகம் ரெனின் சுரந்து, அதன் செயலால் ஆஞ்சியோடென்சின் உருவாகிக் குழாய்களைச் சுருக்க நிமிடக் கணக்கில் ஆகும். ஆல்டோஸ்டீரோன் உப்பையும் நீரையும் தேக்கி வைக்க மணிக்கணக்காகும். சிறுநீரகம் உடலின் மொத்த நீரளவைச் சரிசெய்து அழுத்தத்தை நிலைநிறுத்தும் வேலை நாள்கணக்கில் ஓடுகிறது. நாம் செய்யப்போகும் சோதனை முக்கியமாக அந்த விரைவான நரம்பு வழியைத்தான் பார்க்கிறது. அதனால்தான் இதில் கடிகாரத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம்.

2. யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம்

எழுந்தால் தலைசுற்றுபவர், காரணம் தெரியாமல் விழுந்தவர், பல வருடச் சர்க்கரை நோயாளி, பார்க்கின்சன் நோய் உள்ளவர், புதிதாகப் பிரஷர் மாத்திரை தொடங்கியவர் அல்லது அளவு கூட்டப்பட்டவர்: இவர்களுக்குச் செய்வது பயன் தரும்.

தலைசுற்றல் இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். நிற்கும்போது பிடரியிலும் தோள்களிலும் வலி, படுத்தால் சரியாகிவிடுகிறது என்று சிலர் சொல்வார்கள். ரத்த ஓட்டம் குறைந்த தசைகளின் வலியாக இது இருக்கலாம். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று தைலம் தேய்த்துக்கொண்டே காலத்தை ஓட்டுபவர்களும் உண்டு.

ஆள் பிடித்தாலும் நிற்க முடியாதவர், அன்றைக்கே மயங்கி விழுந்தவர், நெஞ்சு வலி உள்ளவர், கறுப்பாக மலம் போகிறவர், விடாத வாந்தி பேதி உள்ளவர்: இவர்களுக்கு வீட்டுச் சோதனை வேண்டாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

3. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

மேல்கையில் கட்டும் பட்டை உள்ள மெஷின் வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது இதற்கு ஆகாது. கை சற்று ஏறி இறங்கினாலே அளவு மாறிவிடும்.

பட்டையின் அளவைப் பாருங்கள். உள்ளே காற்று நிரம்பும் பையின் நீளம், மேல்கைச் சுற்றளவில் 80 சதவீதமாவது இருக்க வேண்டும். தடித்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைத்துக் காட்டும். எத்தனை சென்டிமீட்டர் கைக்குப் பொருந்தும் என்று பெரும்பாலான பட்டைகளிலேயே அச்சிட்டிருக்கும்.

மற்றவை: நொடி காட்டும் கடிகாரம் அல்லது போன், பேனா, தாள், அவருக்குப் பின்னால் போட ஒரு நாற்காலி, இரண்டு தலையணை. அப்புறம், கூட ஒரு ஆள். மெஷினையும் நேரத்தையும் ஒருவர் பார்க்க, இன்னொருவர் அவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாகச் செய்யாதீர்கள்.

தாளில் மூன்று வரிசை போட்டு வைத்துக்கொள்ளுங்கள்: படுத்து, 1 நிமிடம், 3 நிமிடம். ஒவ்வொன்றிலும் மேல் அளவு, கீழ் அளவு, நாடி, "எப்படி இருக்கிறது" என்று நான்கு கட்டங்கள். நாடிக்குக் கட்டம் போடாமல் விடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. மெஷின் காட்டும், அவர்கள் எழுத மாட்டார்கள். அந்த எண் எதற்கு என்பது 9ஆம் பகுதியில் வருகிறது.

4. எந்த நேரத்தில் பார்ப்பது

காலையில், எழுந்து நடமாடத் தொடங்கும் முன். இந்தக் கோளாறு பிடிபட அதுவே நல்ல நேரம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது சிலருக்கு அழுத்தம் ஏறி, அதனால் சிறுநீரகம் கூடுதலாக உப்பையும் நீரையும் வெளியேற்றிவிடுகிறது. விடியும்போது உடலில் நீர் குறைந்திருக்கும்; எழும்போது விழும் அளவு பெரிதாகத் தெரியும். மாலையில் பார்த்து "ஒன்றும் இல்லை" என்று முடிவு கட்டுவது இதனால்தான் சரியில்லை.

சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் முதலில் போய்விட்டு வரட்டும். நிரம்பிய சிறுநீர்ப்பை அழுத்தத்தை ஏற்றிக் காட்டும். காபி, பீடி, சிகரெட் எல்லாம் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தலைசுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், காலையில் பார்ப்பதோடு நிறுத்தாமல், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். செரிமானத்துக்காகக் குடலுக்கு நிறைய ரத்தம் போகிறது. நரம்பு வழி பலவீனமானவர்களுக்கு அந்தக் குறையை உடலால் ஈடுகட்ட முடிவதில்லை. சோறு அதிகமான சாப்பாட்டுக்குப் பின் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

5. பட்டை கட்டி, 5 நிமிடம் படுக்க வைத்தல்

படுத்த பிறகு பட்டையைக் கட்டுங்கள். துணியின் மேல் கட்டக் கூடாது. சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அந்தச் சுருளே கையை இறுக்கும்; கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் மேலே இருக்கட்டும்.

கடைசி அளவு எடுக்கும் வரை பட்டையைக் கழற்ற வேண்டாம். நிற்கும்போது திரும்பக் கட்ட ஆரம்பித்தால் அந்த முக்கியமான முதல் நிமிடம் போய்விடும்.

தலைக்கு ஒரே ஒரு மெல்லிய தலையணை. இரண்டு மூன்று அடுக்கிச் சாய்ந்தபடி படுத்தால் பாதி எழுந்த மாதிரி ஆகிவிடுகிறது. இறங்க வேண்டிய அளவில் ஒரு பங்கு முன்பே இறங்கிவிடும்.

கையின் உயரத்தைக் கவனியுங்கள். கை இதயத்தைவிட 10 செ.மீ. தாழ்ந்திருந்தால் மெஷின் காட்டும் எண் 7 முதல் 8 வரை கூடும், உயர்ந்திருந்தால் அதே அளவு குறையும். மல்லாந்து படுக்கும்போது இதயம் மெத்தைக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. கையை வெறும் மெத்தையில் போட்டால் அது தாழ்ந்துவிடும். கைக்கு அடியில் ஒரு தலையணை வைத்து மார்பின் நடு உயரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது 5 நிமிடம். முழுதாக 5. காலுக்கு இறங்கியிருந்த ரத்தம் திரும்பி வந்து நரம்புகள் ஓய்வு நிலைக்கு வர அவ்வளவு நேரம் வேண்டும். ஒரு நிமிடத்தில் அவசரப்பட்டு எடுத்தால், ஒப்பிட வேண்டிய அடிப்படை அளவே தவறாகிவிடும். டிவியை அணைத்துவிடுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், பேசும்போதே அழுத்தம் ஏறும். "என்ன பாட்டி, நேத்து சரியா தூங்கினீங்களா" என்று அன்பாகக் கேட்பதுகூட இந்த நேரத்தில் இடைஞ்சல்தான்.

5 நிமிடம் முடிந்ததும் அளந்து மூன்று எண்களையும் எழுதுங்கள். மேல் அளவு 180ஐத் தாண்டினால், ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் சோதனையை அன்றைக்கு நிறுத்தி, மருத்துவரிடம் அன்றே பேசுங்கள். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் பலவீனம் எதுவாவது இருந்தால் 108ஐ அழைப்பதில் தாமதம் வேண்டாம்.

6. எழுப்புதல்: கருணை காட்டக் கூடாத இடம்

பெரும்பாலானவர்கள் சோதனையைக் கெடுப்பது இங்கேதான், அதுவும் நல்ல எண்ணத்தோடு. வயதானவர் ஆயிற்றே என்று கட்டில் விளிம்பில் இரண்டு மூன்று நிமிடம் உட்கார வைத்துவிட்டுப் பிறகு நிற்க வைக்கிறார்கள். அந்த நேரத்தில் உடல் பாதி ஈடுகட்டிவிடுகிறது. நிற்கும்போது எடுக்கும் அளவில் வீழ்ச்சி மறைந்துபோகிறது. அன்றாட வாழ்வில் அப்படி உட்கார்ந்து எழுவது நல்ல பழக்கம். சோதனையில் அது பிழை.

துணைக்கு இருப்பவர் முதுகில் ஒரு கை கொடுத்து, கால்களைக் கீழே இறக்கி, அதே போக்கில் நிற்க வைக்க வேண்டும். தடாலடியாக இழுக்க வேண்டாம். இடையில் நிறுத்தவும் வேண்டாம். முழங்காலுக்குப் பின்னால் நாற்காலி தொட்டுக்கொண்டிருக்கட்டும். மெஷினை யார் தூக்கிக்கொள்வது, குழாய் எட்டுமா என்பதை முன்பே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

இரண்டு காலும் தரையில் ஊன்றி நிமிர்ந்த கணத்திலிருந்து நேரம் எண்ணத் தொடங்குங்கள்.

7. நின்றபடி முதல் அளவு

வீட்டு மெஷின் காற்றேற்றி, இறக்கி, எண் காட்ட அரை நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 1 நிமிடம் ஆன பிறகு பொத்தானை அழுத்தினால் அளவு வரும்போது இரண்டாவது நிமிடத்தில் பாதி போயிருக்கும். 40ஆவது நொடியில் அழுத்துங்கள்.

கை தொங்கக் கூடாது. இந்தச் சோதனையில் ஒரே ஒரு பிழையைத்தான் திருத்த முடியும் என்றால் நான் இதைத்தான் திருத்துவேன். தொங்கும் கை இதயத்துக்குக் கீழே போவதால் அளவு கூடுதலாக வரும். உண்மையில் விழுந்த அழுத்தத்தை அந்தக் கூடுதல் மறைத்துவிடும். 20 விழுந்திருக்கும், மெஷின் 12 என்று காட்டும். துணைக்கு நிற்பவர் கையைத் தாங்கி, பட்டை நெஞ்சின் நடு உயரத்தில் இருக்கும்படி பிடிக்க வேண்டும். பிரஷர் பார்க்கப்படுபவரே கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. தசை இறுகினால் அளவு ஏறும்.

காலை அசைக்காமல் நிற்கச் சொல்லுங்கள். கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நடை போட்டால் சோதனையின் பொருளே போய்விடும்.

இப்போது மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள், மெஷின் ஓடி முடிந்த பிறகு: "எப்படி இருக்கு?" அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். "கண்ணு மங்குது" என்பதும் "தலை சுத்துது" என்பதும் மருத்துவருக்கு வேறு வேறு செய்தி.

முகம் வெளுத்தால், வியர்த்தால், பதில் குழறினால் உடனே படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூன்றாவது அளவு வேண்டாம். நிற்க முடியவில்லை என்பதே ஒரு முடிவுதான், நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள்.

8. மூன்றாவது நிமிடம்

அசையாமல் நிற்பது தொடரட்டும். 2 நிமிடம் 40 நொடியில் மீண்டும் அழுத்துங்கள். சிலருக்கு முதல் அளவு நன்றாக இருந்து, ரத்தம் மெல்லக் காலில் தேங்கத் தேங்க 3ஆம் நிமிடத்தில் இறங்கும்.

1 நிமிட அளவு எடுக்கும்போது மெஷின் பிழை காட்டினால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். 3 நிமிட அளவை மட்டும் எடுத்துவிட்டு, பிறகு 5 நிமிடப் படுக்கையிலிருந்து முழுதாக இன்னொரு முறை செய்யுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு இந்த மெஷின்கள் அடிக்கடி தடுமாறும். அவர்களுக்கு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதே நம்பகமானது.

9. எண்களை வாசித்தல்

நின்ற 3 நிமிடத்துக்குள், படுத்த அளவிலிருந்து மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல், அல்லது கீழ் அளவு 10 அல்லது அதற்கு மேல் குறைந்தால், நிலை மாறும்போது ரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். படுக்கும்போதே அழுத்தம் உயர்ந்திருப்பவருக்கு மேல் அளவில் 30 விழுவதைக் கணக்கில் எடுப்பார்கள். படுக்க முடியாமல் உட்கார்ந்த நிலையிலிருந்து நிற்க வைத்திருந்தால் 15, 7 என்ற சிறிய வித்தியாசமே போதும்; உட்காரும்போதே ஒரு பகுதி இறங்கிவிட்டது அல்லவா.

இனி நாடி. இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

முதலாமவர்: படுத்து 126/78, நாடி 74. நின்று 102/70, நாடி 98. மேல் அளவு 24 விழுந்திருக்கிறது, நாடி 24 ஏறியிருக்கிறது. உணரிகள் பார்த்தன, முகுளம் ஆணையிட்டது, இதயம் ஓடியது. நரம்பு வழி வேலை செய்கிறது. குழாயில் போதிய ரத்தமோ நீரோ இல்லாமல் இருக்கலாம், அல்லது ஒரு மாத்திரை குழாய்களைத் தளர்த்தி வைத்திருக்கலாம்.

இரண்டாமவர்: படுத்து 148/84, நாடி 72. நின்று 116/74, நாடி 77. 32 விழுந்தும் நாடி 5 மட்டுமே ஏறியது. இங்கே சந்தேகம் நரம்பின் மேல் போகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோயிலும் பார்க்கின்சனிலும் இந்தப் படம் வரும்.

நாடி ஏறிய எண்ணிக்கையை மேல் அளவு விழுந்த எண்ணிக்கையால் வகுத்து, விடை 0.5க்குக் கீழே வந்தால் நரம்புக் கோளாறு என்று மருத்துவர்கள் யோசிப்பார்கள். முதலாமவருக்கு 1; இரண்டாமவருக்கு ஏறத்தாழ 0.16. மெட்டோபிரலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அந்த மாத்திரைகளின் வேலையே நாடியை ஏறவிடாமல் பிடிப்பதுதான்.

அழுத்தம் விழாமல் நாடி மட்டும் 30க்கு மேல் ஏறினால் அது வேறு விஷயம். இளம் வயதினரிடம், குறிப்பாகப் பெண்களிடம், இதைப் பார்க்கலாம். அதையும் எழுதிக் காட்டுங்கள்.

ஒரே நாளில் முடிவுக்கு வர வேண்டாம். இந்த வீழ்ச்சி நாளுக்கு நாள் மாறும். வெயில் நாளில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் கூடும். முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தால் குறையும். வேறு வேறு நாள்களில் மூன்று காலைகளாவது பாருங்கள்.

10. மருத்துவரிடம் போகும்போது

தாளோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள், பிரஷர் மாத்திரையை மட்டுமல்ல. புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், நீர் பிரிய வைக்கும் ஃபுரோசமைட், நெஞ்சு வலிக்கான ஐசோசார்பைடு, நரம்பு வலிக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், பார்க்கின்சனுக்கான லெவோடோபா, சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின் என்று வீழ்ச்சியைக் கூட்டக்கூடியவை பலவும் வேறு வேறு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தவையாக இருக்கும். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்பதையும் தாளில் சேருங்கள். சில நேரம் மருந்தை மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றியே சரிசெய்துவிடுவார்கள்.

நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். நிற்கும்போது விழுகிறது என்று பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டால், படுக்கும்போது 180க்குப் போய் நிற்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும் என்பதுதான் இந்தக் கோளாறின் சிக்கல்.

மருத்துவரைப் பார்க்கும் வரை, எழுவதற்கு முன் படுத்தபடியே பாதங்களைப் பத்து இருபது முறை மேலும் கீழும் ஆட்டுவது, கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுவது, தலை சுற்றும்போது கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது ஆகியவை உதவும். தனியாக நிற்கத் தடுமாறுபவர் கால் பின்ன வேண்டாம், உட்கார்ந்துவிடட்டும். இரவில் சிறுநீர் கழிக்க எழுபவருக்குக் கட்டில் அருகிலேயே ஏற்பாடு செய்யுங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடிக்கச் சொல்வதும் உப்பைக் கூட்டுவதும் இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. அதை மருத்துவர் சொல்லட்டும்.

மாத்திரையோ அளவோ மாற்றினால், ஒரு வாரம் கழித்து அதே காலை நேரத்தில், அதே கையில், அதே மெஷினில் மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்துப் பழைய தாளுக்கு அருகிலேயே எழுதுங்கள்.